பொய் சொல்லாமல் ஓர் ஆபரேஷன்

1

எதிர்வீட்டு மாலா நேற்றுச் சாயங்காலம் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து எங்கள் கேட்டைத் தட்டினாள். மகள் தர்ஷினிக்கு ஐந்து வயது. தொண்டைச் சதையை எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். போன வருடம் இதே மாதத்தில்தான் என் மகன் கவினுக்கு ஆபரேஷன் நடந்தது. அதனால் யோங் பெங்கில் எங்கள் தெருவைப் பொறுத்தவரை, பிள்ளைகளின் ஆபரேஷன் விஷயத்தில் நான் ஒரு பெரிய ஆளாகிவிட்டேன்.

“அக்கா, இவகிட்ட என்னா சொல்றதுன்னே தெரியல. ஜேபிக்குப் பொம்ம வாங்கப் போறோம்னு சொல்லி வச்சிருக்கேன்,” என்றாள் மாலா, என் காதோரம் வந்து. (ஜொகூர் பாருவை இங்கே ஜேபி என்பார்கள்.)

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் தரையில் உட்கார்ந்து பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிக்கொண்டிருந்த கவினுக்குப் பாம்புக் காது. கூப்பிட்டால் கேட்காது, கிசுகிசுத்தால் கேட்டுவிடும்.

“பொம்மலாம் இல்ல லா, தர்ஷு. ஆப்ரேஷன். மாஸ்க் வெப்பாங்க, நீ தூங்கிருவ. முழிச்சதும் வலிக்கும். அப்புறம் மருந்து குடுப்பாங்க. உனக்குத் தொண்டைலதான, ஐஸ்கிரீமும் குடுப்பாங்க.”

மாலாவின் முகம் செத்துவிட்டது. நான் அவனை முறைத்தேன். தர்ஷினி மட்டும், “எத்தன ஐஸ்கிரீம்?” என்று கேட்டாள்.

இந்தப் பயலை இப்படிப் பேச வைத்தவள் நான்தான். மாலா போன பிறகு, ஊரில் இருக்கிற உங்களுக்கு இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

2

நான் கோவில்பட்டிக்காரி. கல்யாணம் முடிந்து மலேசியாவில் ஜொகூருக்கு வந்தவள். என் வீட்டுக்காரர் சரவணன் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், யோங் பெங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறார். பொறுமைசாலி. வீடு தீப்பிடித்தால்கூட “ஒன்னும் ஆவாது லா” என்று சொல்லிவிட்டுத்தான் வாளியைத் தேடுவார்.

வந்த புதிதில் இந்த ‘லா’ எனக்கு ஆகவே ஆகாது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு வாலா என்று எரிச்சல்படுவேன். பிறகு ஒரு நாள் என் அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது, “அதான் அன்னைக்கே சொன்னேம்லா” என்று நானே சொல்வதை இவர் கேட்டுவிட்டார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பை இன்னும் நிறுத்தவில்லை மனிதர்.

கவினுக்கு ஏழு வயதானபோது, குளிப்பாட்டும் நேரத்தில்தான் அதைப் பார்த்தேன். இருமினால் அடிவயிற்றுக்குக் கீழே ஒரு பக்கம் புடைக்கும், படுத்தால் உள்ளே போய்விடும். குடலிறக்கம் என்றார் கிளினிக் டாக்டர். தானாகச் சரியாகாது, ஆபரேஷன்தான். அதற்குள் அது வெளியே வந்து உள்ளே போகாமல் கல் மாதிரி ஆகிவிட்டால் உடனே தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். நாள் குறித்துக் கொடுக்கும் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் பந்து விளையாடினால் திட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினால் திட்டு. ஒரு தும்மலுக்குக்கூட நான் எழுந்து நின்றேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் பெயர் பதிவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. என் இந்தியப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் வெறும் எழுத்தாக நிற்கிறது. இங்கே இன்னாரின் மகள் இன்னார் என்று முழுசாக இருந்தால்தான் கம்ப்யூட்டருக்கு மனசு வரும். “அப்பா பெயர் எங்கே?” என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் அந்தப் பெண்ணுக்கே என் மேல் இரக்கம் வந்துவிட்டது. என்ன விஷயமாக வந்தோம் என்பதை என் ஓட்டை மலாயில் விளக்கப் போனேன். ஆபரேஷன் என்று சொல்லியிருக்கலாம். அந்த அவசரத்தில் ‘பொத்தோங்’, அதாவது ‘வெட்டு’, என்று சொல்லிவைத்தேன். மலாய்ப் பையன்களுக்கு இந்த வயதில் சுன்னத்துச் செய்வது வழக்கம். அந்தப் பெண் மலர்ந்த முகத்தோடு கவினுக்கு வாழ்த்துச் சொன்னாள். மலாய் புரிந்த கவின் இரண்டு கையாலும் முன்பக்கத்தைப் பொத்திக்கொண்டு அப்பாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான்.

3

அவனிடம் என்ன சொல்வது? இதுதான் எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தது.

அக்காவிடம் கேட்டேன். “ஏட்டி செல்வி, பச்சப் பிள்ளட்ட போயி எதுக்கு இதெல்லாம் சொல்லுத? பயந்துரும்லா! சும்மா டாக்டர் மாமாவப் பாத்துட்டு வருவோம்னு சொல்லு,” என்றாள்.

அப்படித்தான் எனக்கும் சொன்னார்கள். சின்ன வயதில் எனக்குக் காதுக்குப் பின்னால் ஒரு கட்டி வந்தது. புதுச் செருப்பு வாங்கப் போகிறோம் என்று அப்பா என்னைக் கூட்டிப்போனார். நானும் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்துக் குதித்துப் போனேன். கடைத்தெரு வந்தது, செருப்புக் கடை வந்தது, அதைத் தாண்டியும் நடந்தோம். மருந்து வாசனை வந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஆளுக்கொரு கையையும் காலையும் பிடித்து அமுக்கினார்கள். தலையைப் பிடித்தது அப்பா. கட்டியைக் கீறியதுகூட எனக்கு மறந்துவிட்டது. ஆனால் ரொம்ப நாளைக்கு அப்பா கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்க மாட்டேன் என்று அடம்பிடித்தேன். அவர் மேல் குற்றம் சொல்லவில்லை. பாவம், அவருக்கும் பயம். பயத்தில் வேறு வழி தெரியாமல்தான் பொய் சொன்னார்.

என் பிள்ளை என் கையை அப்படி உதறிவிடக் கூடாது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, பிள்ளை மட்டும் என்னை நம்பாமல் போய்விட்டால் நான் என்ன செய்வேன்? இந்த நாட்டில் எனக்குப் பிறந்த வீட்டு ஆள் யாரும் இல்லை. இவன்தான் எனக்கு எல்லாம். அவன் எது கேட்டாலும் உண்மையைச் சொல்வது என்று முடிவெடுத்தேன். சரவணன் மட்டும், “சொல்லு. ஆனா கேக்கறதுக்கு மட்டும் சொல்லு, அதிகமா அளக்காத,” என்றார். நல்ல யோசனைதான்.

“எய்யா கவின், உன் வயித்துக்குள்ள ஒரு சின்ன ஓட்ட சரியா மூடாம கெடக்கு. அதான் அப்பப்ப புடைக்குது. டாக்டர் அத மூடித் தைக்கப் போறாங்க,” என்றேன்.

“ஊசியிலயா?”

“ஆமா. ஆனா அப்ப நீ தூங்கிட்டு இருப்ப. ஒனக்குத் தெரியாது.”

“முழிச்சா?”

“முழிச்சதும் வலிக்கும். உடனே மருந்து குடுப்பாங்க. கொஞ்சம் கொஞ்சமாக் கொறஞ்சுரும்.”

அவன் அழவில்லை. “நான் தூங்குறப்ப நீ எங்க இருப்ப?” என்று கேட்டான்.

“கதவுக்கு வெளிய. நீ கண்ணத் தொறக்கும்போது பக்கத்துல இருப்பேன்.”

அதையும் உண்மை என்று நினைத்துத்தான் சொன்னேன்.

4

கிளினிக்கில் விளையாட ஒரு முகமூடி கொடுத்தார்கள், மயக்க மருந்து கொடுப்பார்களே, அந்த மாதிரி. எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு தினமும் ஆபரேஷன்தான். கரடி பொம்மைக்கு ஒன்று, தலையணைக்கு ஒன்று. ஒரு மத்தியானம் அப்பாவைப் படுக்கவைத்து முகமூடியை வைத்து, “ஊதுங்க, பலூன் ஊதற மாதிரி ஊதுங்க,” என்றான். இரவு வேலை முடிந்து வந்த மனிதர் இரண்டு ஊது ஊதினார், மூன்றாவதில் நிஜமாகவே குறட்டை விட்டார். கவின் பதறிப்போய் என்னிடம் ஓடி வந்து, “அலாமாக்! அம்மா, வேல செஞ்சிருச்சு!” என்று கத்தினான். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அத்தனை நாள் பயத்துக்கு நடுவில் நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் அவன் விளையாடியதெல்லாம் மலாயில். டாக்டராக மலாய், மிஸ்ஸியாக மலாய். (நர்ஸை இங்கே மிஸ்ஸி என்பார்கள்.) கரடிக்கு ஆறுதல் சொன்னதுகூட மலாய்தான். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளை, வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளை, தூக்கத்தில்கூட எனக்குப் பாதி புரியாத பாஷையில் முனகுகிறான். எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும். கை நழுவிப் போகிறானோ என்று தோன்றும். சரவணனிடம் சொன்னால், “நானும் அப்படித்தான் வளந்தேன், உன்னத் தேடி வரல?” என்பார். இந்த மனிதரிடம் என்ன பேசுவது?

5

ஆபரேஷன் அன்று அவன் விடியற்காலையிலிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது. நானும் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. யாரும் என்னைப் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை, எனக்கு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

பக்கத்துப் படுக்கையில் கை முறிந்த ஒரு மலாய்ச் சிறுமி. காலைச் சாப்பாடு வந்ததும் அவள் அம்மா எங்கள் பக்கம் ஒருமுறை பார்த்தார். கவின் பசியோடு உட்கார்ந்திருந்தான். அந்த அம்மா தட்டை ஒரு கையிலும் மகளை மறு கையிலும் பிடித்துக்கொண்டு வெளியே வராந்தாவுக்குப் போய், அங்கே நின்றுகொண்டே ஊட்டி முடித்துவிட்டு வந்தார். அவருடைய பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அன்று முதல் என் சாமி கும்பிடலில் அந்தச் சிறுமியின் கைக்கும் ஒரு இடம் உண்டு.

நகை எதுவும் போட்டிருக்கிறானா என்று வார்டில் கேட்டார்கள். இல்லை என்றேன், நல்ல மனசாட்சியோடுதான் சொன்னேன். கழுத்துச் சங்கிலியை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தேன்.

6

ஆபரேஷன் அறைக்கு வெளியே ஒரு சின்ன அறை. ஒருவர்தான் கூட வரலாம் என்பதால் சரவணன் வெளியே நின்றுவிட்டார். எனக்கும் ஒரு பச்சை அங்கியும் தொப்பியும் கொடுத்தார்கள். கவின் கட்டிலில் மகாராஜா மாதிரி உட்கார்ந்து, அங்கே இருந்த மிஸ்ஸியிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தான். நாற்பது வயதிருக்கும் அவருக்கு, ரொஹானா என்று பெயர். அவன் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். நிம்மதியாக இருந்தது. இத்தனை நாள் பட்ட பாடு வீண்போகவில்லை என்று மனதுக்குள் எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மிஸ்ஸி ரொஹானா அவன் அங்கியை விலக்கிப் பார்த்தார். இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு. சரியாகக் கத்தி படப்போகிற இடத்துக்கு மேலே.

எனக்கு அதைக் கழற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை. நம்புங்கள். காலையில் அதைச் சுற்றித்தான் சோப்புப் போட்டேன். அது நகை இல்லையே, உடம்போடு சேர்ந்ததுதானே! காது, மூக்கு மாதிரி அதுவும் ஒன்று.

மிஸ்ஸி முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். தண்ணீரில் நனைந்து நனைந்து இறுகிப்போன முடிச்சு. அசையவில்லை. பக்கத்துத் தட்டிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார்.

“வேண்டாம்! வெட்டாதீங்க!”

நான்தான் கத்தினேன். தமிழில், எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கிற மாதிரி.

ஊரில் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆண்பிள்ளையின் இடுப்பு வெறுமையாக இருக்கக் கூடாது. கயிறு நைந்தால் புதியதைக் கட்டிவிட்டுத்தான் பழையதை அறுப்போம். கட்டாமல் அறுப்பது ஒரே ஒரு சமயத்தில்தான். அப்பா போனபோது அறுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆபரேஷன் அறை வாசலில், அந்தக் கத்தரிக்கோலைப் பார்த்ததும் அதுதான் கண்ணுக்குள் வந்தது.

கவின் என் அங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவன் முகத்தில் அத்தனை நாள் சேர்த்து வைத்த தைரியம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“அம்மா, ஏன் கத்துற? வெட்டுனா என்னா ஆவும்?”

ஒன்றும் ஆகாது, சும்மா கத்தினேன் என்று சொல்லிவிடலாம். ஆனால் நான் நடுங்குவதை அவன் கை உணர்ந்துகொண்டிருந்தது. உண்மையைச் சொல்லலாம் என்றால், செத்தவர்களுக்குத்தான் இதை அறுப்பார்கள் என்று ஆபரேஷனுக்குப் போகிற பிள்ளையிடம் எந்த அம்மா சொல்வாள்? கேட்டதற்கு மட்டும் சொல் என்று இவர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“ஒனக்கு ஒண்ணும் ஆவாதுய்யா. நம்ம ஊர்ல புதுசு கட்டிட்டுத்தான் பழச அறுப்பாங்க. புதுசு கொண்டுவரணும்னு எனக்குத் தோணவே இல்ல. அதான் அம்மா பயந்துட்டேன்.”

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

மிஸ்ஸி ரொஹானா கத்தரிக்கோலைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு, கைகளைக் கோத்துக்கொண்டு காத்திருந்தார். கோபப்படவில்லை. என்ன விஷயம் என்று என்னிடம் கேட்டார். எனக்கு மலாயில் ஒரு வார்த்தை வரவில்லை. அரைஞாண் கயிற்றை எந்த மலாயில் சொல்வது?

கவின்தான் சொன்னான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, கையை ஆட்டி ஆட்டி, கடகடவென்று மலாயில் விளக்கினான். இது எங்கள் கயிறு, இதை வெட்டலாம், ஆனால் முதலில் புதுசு கட்ட வேண்டும், அம்மா புதுசைக் கொண்டுவரவில்லை. எனக்கே அவ்வளவு தெளிவாகச் சொல்ல வந்திருக்காது. மிஸ்ஸி தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். சொல்லச் சொல்ல அவனுடைய அழுகை நின்றதைப் பார்த்தேன். எந்தப் பாஷை அவனை என்னிடமிருந்து கொண்டுபோகிறது என்று பயந்தேனோ, அதே பாஷையில் என் பிள்ளை எனக்காகப் பேசினான். அந்த நிமிஷத்தில் அந்தப் பாஷையைக் கையெடுத்துக் கும்பிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பேசிக்கொண்டே வந்தவன் திடீரென்று நிறுத்தினான். ஆஸ்பத்திரியில் கையில் மாட்டியிருந்த பெயர்ப் பட்டையை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“அம்மா, புதுசு கட்டியாச்சு லா. இங்க பாரு. என் பேரு கூட இருக்கு.”

நான் பார்த்தேன். மிஸ்ஸியும் பார்த்தார். சிரிக்கவில்லை, மகா மரியாதையோடு அதைத் தொட்டுப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று அவனிடம் சொன்னார். பிறகு கத்தரிக்கோலைப் பிடிப்பக்கமாகத் திருப்பி என்னிடம் நீட்டினார். “நீங்களே வெட்டுங்கள், அக்கா,” என்று மெதுவான மலாயில் சொன்னார்.

நானே வெட்டினேன்.

7

அவன் முகமூடியில் பலூன் ஊதித் தூங்கும் வரை என்னைக் கூட இருக்க விட்டார்கள். வெளியே அனுப்பும்போது நான் மிஸ்ஸியின் கையைப் பிடித்துக்கொண்டேன். ‘ஜாஞ்சி’ என்றேன், அப்படியென்றால் வாக்கு. எனக்குத் தெரிந்த மலாய் முழுவதையும் கொட்டி, வாக்குக் கொடுத்திருக்கிறேன், அவன் கண் திறக்கும்போது நான் இருக்க வேண்டும் என்றேன். மயக்கம் தெளிகிற அறைக்குள் பெற்றோரை விடுவதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மிஸ்ஸி சரி என்று சொல்லவில்லை. “சாயா சூபா,” என்றார். முயற்சி செய்கிறேன் என்று அர்த்தம். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

வெளியே சரவணன் நடந்து நடந்து தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். “நீ கத்துனது இங்க வரைக்கும் கேட்டுச்சு. என்னாச்சு?” என்றார். சொன்னேன். அவருடைய ‘ஒன்னும் ஆவாது லா’ அன்றைக்கு வரவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து என் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இந்த மனிதருக்கும் பயம் வரும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தே தாரிக், அதாவது இந்த ஊர் ஆற்றிய தேநீர், வாங்கி வந்தார். ஆறிப்போகும் வரை இருவரும் அதைக் கையிலேயே வைத்திருந்தோம்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கதவு திறந்தது. மிஸ்ஸி ரொஹானா தலையை நீட்டி, சீக்கிரம் வரச் சொல்லிக் கையசைத்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, அசைய ஆரம்பித்துவிட்டான், பெரிய டாக்டரிடம் கேட்டு அனுமதி வாங்கிவிட்டேன், ஓடி வாருங்கள் என்றார். ஓடினேன். செருப்பு ஒன்று எங்கேயோ கழன்றது. நான் நிற்கவில்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். உதடு காய்ந்து, தலைமுடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தான். இமை துடித்தது. ஒருமுறை திறந்து மூடியது. பிறகு நன்றாகத் திறந்தான். என்னைத் தேடிக் கண்டுபிடிக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“எய்யா, அம்மா இருக்கேன். வலிக்குதா?”

யோசித்துப் பார்த்துவிட்டு, கரகரத்த குரலில் சொன்னான்:

“வலிக்குது. நீ சொன்ன மாதிரியே வலிக்குது.”

சொல்லிவிட்டு என் விரலைப் பிடித்துக்கொண்டு, பயமில்லாமல் மறுபடியும் தூங்கிப்போனான்.